2,93,31,86,25,600: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்து ஆராய்வது எப்படி

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணித வரலாற்றில் இந்த எண்ணுக்கு ஒரு தனி இடம் உண்டு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அது வெளிவந்தது. 2-இல் தொடங்கி 67,46,32,83,88,800 வரை இப்படிப்பட்ட 102 எண்களை அவர் அதில் அட்டவணையாகத் தந்திருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்த வேலை அது. அந்த எல்லைக்குள் விடுபட்டுப்போன ஒரே எண் 2,93,31,86,25,600.

இதன் பண்புகள் அனைத்தையும் பேப்பர், பேனா, சாதாரண கால்குலேட்டர் கொண்டே கண்டுவிடலாம். இதே வழி வேறு எந்தப் பெரிய எண்ணுக்கும் பொருந்தும். பகாக் காரணிகளையும் அவற்றின் அடுக்குகளையும் சரியாக எழுதிவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. மற்ற எல்லாமே அந்த ஒரு வரியிலிருந்து வருபவை. ஆகவே அந்த வரியில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வகுக்கத் தொடங்கும் முன்

முதலில் எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 12 இலக்க எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. இலக்கங்களைக் கூட்டினால் 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45 வர வேண்டும். இடம் மாறிய பிழையை இந்தக் கூட்டல் காட்டாது. அதற்கு இன்னொரு சோதனை வேண்டும்.

எண்ணை வலது பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 293 | 318 | 625 | 600. லட்சம், கோடிக்கு நாம் போடும் கமாவை இங்கே நம்ப வேண்டாம். அது இரண்டிரண்டாக வெட்டுவதால் விடை தப்பாகிவிடும். வலமிருந்து மாறிமாறிக் கூட்டிக் கழியுங்கள்:

600 − 625 + 318 − 293 = 0

பூஜ்ஜியம் வந்தால் அந்த எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு என்பதால் ஆயிரத்தின் ஒவ்வொரு அடுக்கும் 1001-ஆல் வகுக்கும்போது +1, −1 என மாறிமாறி நிற்கிறது. இந்தக் கூட்டல் கழித்தல் அதிலிருந்து வருவதுதான். 1001 = 7 × 11 × 13. ஒரே கழித்தலில் மூன்று பகாக் காரணிகள் கையில் கிடைத்துவிட்டன. விடை பூஜ்ஜியமாக இல்லாமல், உதாரணத்துக்கு 308 என்று வந்திருந்தால், அந்தச் சிறிய எண்ணை 7, 11, 13-ஆல் தனித்தனியாக வகுத்துப் பார்த்தால் போதும்.

பகாக் காரணிகளாகப் பிரித்தல்

10 இலக்க கால்குலேட்டரில் இந்த எண் நுழையாது. கடைசி இரண்டு பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டால் சரியாக 10 இலக்கம்தான். 100-ஆல் வகுத்ததற்காக 2² × 5² என்று ஓரமாகக் குறித்துக்கொண்டு, மிச்சமுள்ள 2,93,31,86,256-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

இது 6-இல் முடிவதால் இனி 5-க்கு வேலை இல்லை. பாதியாக்கிக்கொண்டே போனால் நான்கு முறைக்குப் பிறகு 18,33,24,141 என்ற ஒற்றைப்படை எண்ணில் நிற்கும். ஆகவே 2-இன் அடுக்கு 2 + 4 = 6.

18,33,24,141-இன் இலக்கக் கூட்டல் 27. 9-ஆல் வகுத்தால் 2,03,69,349. இதன் கூட்டல் 36. மறுபடி 9-ஆல் வகுத்தால் 22,63,261. கூட்டல் 22, இனி 3 போகாது. ஆகவே 3⁴. இங்கே பலர் சறுக்குவதுண்டு. இலக்கக் கூட்டல் 27 என்றால் எண் 27-ஆல் வகுபடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சோதனை 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். 1899-இன் கூட்டல் 27. ஆனால் 27-ஆல் வகுத்தால் 9 மீதி வரும். 9-ஆல் ஒருமுறை வகுத்து, வந்த ஈவில் மறுபடி கூட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி.

22,63,261-ஐ 1001-ஆல் வகுத்தால் 2,261. எண்ணின் உருவத்திலேயே இது தெரியும்: 2261-ஐ எழுதி, மூன்று இடம் தள்ளி இன்னொரு 2261-ஐக் கூட்டினால் 2263261.

7, 11, 13 முடிந்துவிட்டது என்று நினைத்து 2261-ஐப் பகா எண்ணாக விட்டுவிடுவது அடுத்த பிழை. 1001 சோதனை 7 இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எத்தனை முறை இருக்கிறது என்று சொல்லாது. கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழியுங்கள்: 226 − 2 = 224 = 7 × 32. ஆகவே 2261 = 7 × 323.

323-உம் பகா எண் போலத்தான் தெரியும். 2, 3, 5, 7, 11, 13 எதுவும் போகாது. ஆனால் 323-இன் வர்க்கமூலம் 17.97. அதாவது 17-ஐயும் சோதித்த பிறகே கையை எடுக்க வேண்டும். 323 = 17 × 19. எங்கே நிறுத்துவது என்பதை மிச்சமிருக்கும் எண்ணின் வர்க்கமூலத்தை வைத்து முடிவு செய்யுங்கள். முதல் எண்ணின் வர்க்கமூலம் ஐந்து லட்சத்துக்கு மேல். அதுவரை போக வேண்டியதே இல்லை.

முடிவு:

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

திரும்பப் பெருக்கிச் சரிபாருங்கள். 2⁶ × 3⁴ = 5,184. 25-ஆல் பெருக்க 1,29,600. 49-ஆல் பெருக்க 63,50,400. பிறகு 11, 13, 17, 19. இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள்.

வகுத்திகள் எத்தனை

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். 2⁶ இருந்தால் ஒரு வகுத்தியில் 2-ஐ 0 முதல் 6 முறை வரை, ஏழு விதமாகச் சேர்க்கலாம். அந்த 1 அங்கிருந்து வருவது.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040

மேலே சொன்ன பிழைகளின் விளைவு இங்கேதான் வெளிப்படும். 2261-ஐப் பகா எண் என்று விட்டிருந்தால் 1,680 வரும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 323-ஐ அப்படி விட்டிருந்தால் 2,520, சரிபாதி. எண்ணைத் திரும்பப் பெருக்கிப் பார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது. பெருக்குத்தொகை சரியாகவே வரும். ஆகவே கடைசிக் காரணிகள் உண்மையிலேயே பகா எண்கள்தானா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

விடையாக வந்த 5,040-உம் இதே குடும்பத்து எண்தான். அதற்கு 60 வகுத்திகள்; அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அவ்வளவு கிடையாது.

ஒற்றைப்படை வகுத்திகள் மட்டும் வேண்டுமென்றால் 2-க்கான 7-ஐ விட்டுவிட்டுப் பெருக்குங்கள்: 720. முழு வர்க்கமாக இருக்கும் வகுத்திகள் வேண்டுமென்றால் இரட்டைப்படை அடுக்குகளை மட்டும் எண்ணுங்கள்: 2-க்கு நான்கு (0, 2, 4, 6), 3-க்கு மூன்று, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு, மொத்தம் 48. 1 முதல் 50 வரையிலான எண்களில் 23, 29, 31, 37, 41, 43, 46, 47 ஆகிய எட்டைத் தவிர மற்ற 42-உம் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும்.

வகுத்திகளின் கூட்டுத்தொகை

5,040 வகுத்திகளையும் எழுதிக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் தனியாகக் கூட்டுங்கள். 2-க்கு 1+2+4+8+16+32+64 = 127. 3-க்கு 1+3+9+27+81 = 121. 5-க்கு 31. 7-க்கு 57. மற்றவற்றுக்கு 12, 14, 18, 20. இந்த எட்டு எண்களையும் பெருக்கினால் போதும். அடைப்புகளை விரித்தால் ஒவ்வொரு வகுத்தியும் ஒரே ஒருமுறை உறுப்பாக வருவதால் இது செல்லுபடியாகிறது.

127 × 121 = 15,367. அதை 31-ஆல் பெருக்க 4,76,377. 57-ஆல் பெருக்க 2,71,53,489. தொடர்ந்து 12, 14, 18, 20-ஆல் பெருக்கினால் 16,42,24,30,14,720.

இதையும் மும்மூன்றாக வெட்டிச் சோதியுங்கள்: 720 − 14 + 243 − 642 + 1 = 308. இது 7-ஆலும் 11-ஆலும் வகுபடும், 13-ஆல் வகுபடாது. பெருக்கிய எண்களில் 14-இலும் 121-இலும் 7, 11 இருக்கின்றன. 13 எதிலும் இல்லை. பொருந்துகிறது.

இந்தத் தொகை மூல எண்ணைப்போல் ஏறக்குறைய 5.6 மடங்கு. எண்ணையே கழித்துவிட்டாலும் மிச்ச வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைப்போல் நாலரை மடங்குக்கு மேல் நிற்கிறது. வகுத்திகள் அவ்வளவு செறிவாக இருக்கின்றன.

பொதுக் காரணி இல்லாத எண்கள்

1 முதல் இந்த எண் வரை, இதனோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லர் சார்பு எனப்படும் கணக்கு இது. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஓர் அடுக்கைக் குறைத்து, பகா எண்ணில் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். 2-க்கு 32 × 1, 3-க்கு 27 × 2, 5-க்கு 5 × 4, 7-க்கு 7 × 6, பிறகு 10, 12, 16, 18. பெருக்கினால் 50,16,45,31,200. நூற்றுக்கு 17 சொச்சம்தான்.

ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800-ஐ இப்போது 23-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் ஈவு 2,93,31,86,25,600 தான்! விடுபட்ட எண்ணின் 23 மடங்கு அந்த அட்டவணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. 23 புதிய பகா எண் என்பதால் மேலே செய்த கணக்கு எதையும் திரும்பச் செய்ய வேண்டாம். வகுத்திகளின் எண்ணிக்கை இரட்டித்து 10,080 ஆகும். கூட்டுத்தொகை 24 மடங்காகும். ஆய்லர் சார்பு 22 மடங்காகும்.

நடுவில் இருக்கும் ஜோடி

வகுத்திகள் ஜோடி ஜோடியாக வரும்: 1-உம் எண்ணும், 2-உம் அதன் பாதியும் என்று. இந்த எண் முழு வர்க்கம் இல்லை (11, 13, 17, 19 ஒவ்வொரு முறைதான் வருகின்றன, முழு வர்க்கமாக்க 46,189-ஆல் பெருக்க வேண்டும்). ஆகவே நடுவில் இரண்டு வகுத்திகள் வர்க்கமூலத்தின் இரு பக்கமும் நெருங்கி நிற்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஃபெர்மாவின் வழி உதவும்.

வர்க்கமூலம் 5,41,588.98. மேலே உள்ள முழு எண்ணை எடுங்கள்: 5,41,589. அதன் வர்க்கம் 2,93,31,86,44,921. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19,321. இது முழு வர்க்கமா? ஆம், 139 × 139. ஆகவே

(5,41,589 − 139) × (5,41,589 + 139) = 5,41,450 × 5,41,728

முதல் முயற்சியிலேயே அமைந்துவிட்டது. பொதுவாக இந்த வழியில் 1, 1 ஆகக் கூட்டிப் பலமுறை முயல வேண்டியிருக்கும். சில எண்களுக்கு ஆயிரக்கணக்கில்கூட. இரண்டு காரணிகளும் நெருங்கி இருந்தால் மட்டுமே சீக்கிரம் முடியும். இங்கே வித்தியாசம் வெறும் 278.

காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள்: 5,41,450 = 2 × 5² × 7² × 13 × 17. 5,41,728 = 2⁵ × 3⁴ × 11 × 19. ஒன்றில் இருக்கும் ஒற்றைப்படைப் பகா எண் எதுவும் மற்றதில் இல்லை. 5,41,450 வரை 2,520 வகுத்திகள், 5,41,728-இலிருந்து மேலே 2,520.

கணிப்பொறியில் செய்தால்

லினக்ஸ் டெர்மினலில் ஃபேக்டர் கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் உடனே விடை வரும். நீங்களே நிரல் எழுதினால் 32 பிட் முழு எண் வகையைத் தவிருங்கள். அதன் உச்சம் 2,14,74,83,647. நம் எண்ணுக்கு 39 பிட் வேண்டும். 32 பிட்டில் திணித்தால் மேல் பகுதி வெட்டுப்பட்டு 1,26,08,49,472 என்று நிற்கும். எதிர்மறை எண்ணாக வந்தாலாவது சந்தேகம் வரும். இது பார்வைக்கு ஒழுங்கான எண். இலக்கக் கூட்டல் 43 என்பதுதான் காட்டிக்கொடுக்கும், 45 வந்திருக்க வேண்டும்.

வகுத்திகளைத் தேடும் சுழற்சியை எண் வரை ஓட்டாதீர்கள். நொடிக்குப் பத்துக் கோடி வகுத்தல் என்றாலும் 49 நிமிடம் ஆகும். 5,41,588 வரை ஓட்டி, ஒவ்வொரு வகுத்தியோடும் அதன் ஜோடியையும் சேர்த்துக்கொண்டால் கண் இமைப்பதற்குள் முடியும்.

எக்ஸெல் செல்லில் போட்டால் 2.93319E+11 என்று தெரியலாம். எண் கெடவில்லை; செல்லின் வடிவத்தை எண் என்று மாற்றினால் முழுதாகக் காட்டும். 15 இலக்கத்தைத் தாண்டும் பெருக்கல்களை மட்டும் எக்ஸெலில் செய்ய வேண்டாம், கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும்.

இதற்குக் கீழே 5,040 வகுத்திகள் கொண்ட எண் இல்லை என்று காட்டுவது

29,331 கோடி எண்களையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. வகுத்திகள் அதிகம் வேண்டுமானால் சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு கொடுக்க வேண்டும். 5-இன் அடுக்கு 3-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள்: வகுத்தி எண்ணிக்கை மாறாது, எண் சிறியதாகும். ஆகவே 2-இலிருந்து வரிசையாக, இடையில் எதையும் விடாமல், அடுக்குகள் ஏறாமல் போகும் எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

எண்களை அளவு வரிசையில் தேடாமல் கடைசிப் பகா எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவு வரிசையில் தேடும்போது இடையில் ஒன்று நழுவுவது மிகச் சுலபம்; இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவும் சிறிய பட்டியலாக முடிந்துவிடும். ஒவ்வொரு பிரிவிலும் அதுவரையிலான பகா எண்களின் பெருக்கற்பலனை அடியாக வைத்து, அதை எந்த எண்ணால் பெருக்கலாம் என்று பாருங்கள்.

31 வரை போனால் அடி 2,00,56,04,90,130. அதை இரட்டித்தாலே எல்லையைத் தாண்டும். வகுத்திகள் 2,048 தான்.

29 வரை என்றால் அடி 6,46,96,93,230. 45 வரை பெருக்கலாம். 36-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2,32,90,89,56,280-க்கு 4,096 வகுத்திகள். இந்தப் பிரிவின் உச்சம் அதுவே.

23 வரை என்றால் அடி 22,30,92,870, பெருக்கி 1,314 வரை. 720, 960, 1152, 1260, 1296 ஐந்தும் 4,608 வகுத்திகள் தருகின்றன. 1080 தான் இங்கே சிறந்தது: 2,40,94,02,99,600, வகுத்திகள் 4,800. பெருக்கி 1440 ஆகியிருந்தால் 5,376 வகுத்திகள் கிடைத்திருக்கும். ஆனால் அந்த எண் 3,21,25,37,32,800, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது.

19 வரை என்றால் அடி 96,99,690. நம் எண்ணின் பெருக்கி சரியாக 30,240, அதாவது 2⁵ × 3³ × 5 × 7. அதற்குக் கீழே 20160, 25200, 25920, 28800 எல்லாமே 4,608-இல் நின்றுவிடுகின்றன. 27720 போன்ற மற்றவை 4,320-க்குப் பக்கத்தில். 17-ஓடு நிறுத்திக்கொண்டால் சிறிய பகா எண்களின் அடுக்குகளை எவ்வளவு ஏற்றினாலும் 5,040-ஐ எட்டாது.

ஆகவே 4,800 வகுத்திகள் கொண்ட எண்ணுக்கும் 5,376 வகுத்திகள் கொண்ட எண்ணுக்கும் நடுவே, 5,040-ஓடு, இந்த எண் நிற்கிறது. முந்தையதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு 2² × 7-ஐச் சேர்த்தால் நம் எண். நம் எண்ணிலிருந்து 3 × 7-ஐ எடுத்துவிட்டு 23-ஐச் சேர்த்தால் அடுத்தது.